ஏழாம் மேசைத் தட்டு

ஏழாம் மேசையில் தட்டு காலியாக இருந்தது.

முழுக்கக் காலி என்று சொல்ல முடியாது. நடுவில் கேரட்டைச் செதுக்கிச் செய்த ஒரு ரோஜாப்பூ இருந்தது. ஓரத்தில் துவையலின் ஈரத் தடம் இருந்தது. தட்டுக்கு முன்னால் சாய்த்து வைத்திருந்த அட்டையில், 'இரத்தசோகை உள்ள கர்ப்பிணித் தாய்க்கு ஒரு வேளை உணவு: முருங்கைக்கீரை அடை இரண்டு, கொள்ளுச் சுண்டல் ஒரு கிண்ணம், நெல்லிக்காய்த் துவையல், எள்ளுருண்டை ஒன்று' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. அட்டை இருந்தது, அடையைக் காணோம்.

மேசைக்குப் பின்னால் சங்கவி நின்றுகொண்டிருந்தாள். நர்சிங் முதல் வருடம். வேதாரண்யம் பக்கத்துப் பெண். அப்பா, அம்மா இரண்டு பேரும் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள். அவளுடைய உதட்டோரத்தில் ஒரு எள் ஒட்டியிருந்தது.

"இங்க வச்சிருந்தது எங்கம்மா?" என்று கேட்டார், தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த மேடம்.

"நான்தான் மேம் சாப்ட்டேன்."

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். நான் சங்கவியைப் பார்த்தேன். மற்ற மேசைகளுக்குப் பின்னால் நின்ற இருபத்தொன்பது பெண்களும் தரையைப் பார்த்தார்கள்.

கொரோனா முடிந்து இரண்டாம் வருடமோ, மூன்றாம் வருடமோ. சம்பா நடவு முடிந்திருந்தது. தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஒரு தனியார் நர்சிங் கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே நான் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தினேன்.

போன வாரம் இந்தத் தொடரில் வேறொரு விடுதியின் சாம்பாரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, 'அம்மா, இவ்வளவு கோபம் ஆகாது, ரத்தக்கொதிப்பு வந்துவிடும்' என்று கும்பகோணத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஏற்கெனவே வந்துவிட்டது ஐயா. மாத்திரை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

காட்சிக்கு வைத்த சாப்பாடு

செய்முறைத் தேர்வு எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தின நாளே மாணவிகள் சீட்டு எடுப்பார்கள். ஒருத்திக்குச் சர்க்கரை நோயாளி வரும், ஒருத்திக்கு மஞ்சள் காமாலைக்காரர் வருவார். அந்த நோயாளிக்கு ஏற்ற உணவைச் சமைத்து, வெள்ளைத் துணி விரித்து, பூ செதுக்கி அலங்கரித்து வைக்க வேண்டும். தேர்வாளர் ஒவ்வொரு தட்டிலும் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்து, நாலு கேள்வி கேட்டு, மதிப்பெண் போடுவார்.

அதற்கப்புறம் அந்தத் தட்டுகள் எங்கே போகும்? பிரின்சிபால் அறைக்குப் போகும். மதியம் ஆசிரியைகள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். சமைத்த பெண்கள் பாத்திரம் கழுவுவார்கள்.

பல வருடம் அந்த அடையையும் பாயசத்தையும் நானும் தின்றிருக்கிறேன். 'உப்பு கொஞ்சம் தூக்கல்' என்று குறைகூடச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளாவது எனக்கு உறைத்ததா என்றால், இல்லை.

அன்றைக்குத் தேர்வு ஒன்பது மணிக்கு. பெண்கள் ஆறு மணிக்கே வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்கள். தேர்வு முடியும்வரை கூடத்தை விட்டு நகரக் கூடாது. திருவிடைமருதூரிலிருந்து வர வேண்டிய தேர்வாளர் எட்டரைக்கே வந்துவிட்டார். ஆனால் பிரின்சிபால் அவரைத் தம் அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். தஞ்சாவூரிலிருந்து பொங்கல், வடை வந்தது. காபி வந்தது. மகள் கல்யாணப் பேச்சு வந்தது. நடுவில் இரண்டு முறை நான் போய் வாசலில் நின்றேன். "வந்துடறோம், வந்துடறோம்" என்றார் பிரின்சிபால். இரண்டாவது முறை எனக்கும் ஒரு வடை கொடுத்தார். வாங்கித் தின்றேன்.

நாங்கள் மூன்று பேரும் சமையல் கூடத்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றே கால்.

"சாப்டாச்சா?"

எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "சாப்டாச்சா?" என்பதுதான். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. "ஆச்சு." பட்டினி கிடக்கிறவரும் "ஆச்சு" என்றுதான் சொல்வார். இல்லை என்று சொன்னால், சோறு போடு என்று கேட்டதாக ஆகிவிடும். அதைவிடக் கேவலம் வேறு இல்லை.

என் அம்மா நடவுக்குப் போனவர். கரையில் குடையோடு வந்து நிற்கும் பண்ணை வீட்டம்மா, "எல்லாம் சாப்டீங்களாடி?" என்று கேட்டால், சேற்றில் நிற்கிற அத்தனை பேரும் "ஆச்சும்மா" என்பார்களாம். தூக்குவாளி திறக்காமலே கரையில் இருக்கும். அந்த அம்மாவுக்கும் அது கண்ணில் பட்டிருக்கும். கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று, வீட்டுக்குப் போய்விடுவார்.

ஊட்டச்சத்துப் படிப்பில் 'இருபத்து நாலு மணி நேர நினைவு' என்று ஒரு முறை சொல்லித்தருவார்கள். ஒருவரை உட்காரவைத்து, நேற்றுக் காலையிலிருந்து இன்று காலைவரை என்னென்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுத வேண்டும். நான் எம்.எஸ்சி. படித்தபோது முதன்முதலாக என் அம்மாவிடம்தான் கேட்டு எழுதினேன். "இட்லி, சோறு, கொழம்பு, கூட்டு" என்று சொல்லிக்கொண்டே போனார். எங்கள் வீட்டில் முந்தின நாள் இட்லியும் கிடையாது, கூட்டும் கிடையாது. எனக்கே அது தெரியும். இருந்தும் எழுதிக்கொண்டேன். வாத்தியாரிடம் கொடுக்க வேண்டுமே.

பின்னால் என் மாணவிகளைக் கிராமங்களுக்கு அழைத்துப் போனபோதும் இதேதான். படிவத்தில் எல்லா வீட்டிலும் இட்லி, எல்லா வீட்டிலும் கூட்டு. படிவத்தை நம்பினால் இந்த டெல்டாவில் ஒருத்திக்கும் ரத்தம் குறைவாக இருக்க வழியே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நாங்கள் கட்டுக் கட்டாகச் சுரைக்காய் விளைவித்தோம்.

ஆறே முக்கால் வண்டி

முதல் வருடப் பெண்களுக்கு வாரத்தில் நான்கு நாள் ஆஸ்பத்திரிப் பயிற்சி. கல்லூரி வண்டி ஆறே முக்காலுக்குக் கிளம்பிவிடும். விடுதி மெஸ் திறப்பது ஏழரைக்கு. சமையல்கார அம்மா முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து வந்து உலை வைத்தால்தான் உண்டு.

கணக்கு எளிது. ஆறே முக்காலுக்குப் போகிறவள் ஏழரைக்குத் திறக்கிற மெஸ்ஸில் சாப்பிட முடியாது. இந்தக் கணக்கைப் போட எம்.எஸ்சி. தேவையில்லை. ஒரு கல்லூரி முழுக்கப் படித்தவர்கள் இருந்தோம், ஒருவரும் போடவில்லை.

மெஸ் சுவரில் ஒரு பலகை உண்டு. திங்கள் இட்லி, செவ்வாய் பொங்கல், புதன் முட்டை என்று வண்ண வண்ணமாக எழுதி வைத்திருந்தார்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். நான்கு பக்கமும் நெல் விளைகிற பூமி. மதியம், இரவு இரண்டு வேளையும் சோறு நிறையவே போட்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். சோற்றோடு ரசமும் மோரும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. வயிறு நிறையும், ரத்தம் ஊறாது.

தினமும் வண்டி கிளம்புமுன் பிரின்சிபால் படிக்கட்டருகே வந்து நிற்பார். "என்ன பிள்ளைங்களா, சாப்டாச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். உள்ளேயிருந்து முப்பது பேரும் ஒரே குரலில், "ஆச்சு மேம்!" என்பார்கள். டிரைவர் கியரைப் போடுவார்.

எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே தெரியாதவளாக இருப்பதும் ஒரு பழக்கம்தான். சம்பளத்தோடு அதுவும் வந்து சேர்ந்துவிடுகிறது.

சிவப்பு மை

தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால், 'உங்கள் இருபத்து நாலு மணி நேர உணவை நீங்களே எழுதுங்கள்' என்று வகுப்புக்குச் சொல்லியிருந்தேன். ரெக்கார்டு நோட்டுகள் வந்தன. இருபத்தொன்பது நோட்டில் இட்லி, முட்டை, பால், கீரை. மெஸ் பலகையைப் பார்த்து எழுதியிருந்தார்கள்.

சங்கவியின் நோட்டில் இப்படி இருந்தது:

'காலை: இல்லை. பதினொரு மணி: பிஸ்கட் 3, தண்ணீர். மதியம்: சோறு, ரசம். மாலை: டீ. இரவு: சோறு, மோர், ஊறுகாய்.'

அவ்வளவுதான். சத்து அட்டவணை போட்டு, இரும்புச்சத்து எவ்வளவு குறைகிறது என்றுகூட ஒழுங்காகக் கணக்குப் போட்டிருந்தாள்.

நான் என்ன செய்தேன்? சிவப்பு மையால் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டுச் சுழித்தேன். 'முழுமையாக இல்லை. திரும்ப எழுதவும்' என்று எழுதினேன். அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா, எக்ஸ்டர்னல் பாக்குற நோட்டுல இப்படியா எழுதுவ? காலேஜ் பேரு என்ன ஆகறது? ஒழுங்கா எழுதிட்டு வா" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம், "சரிங்க மேம்" என்று போய்விட்டாள்.

ரெக்கார்டு நோட்டில் பக்கம் கிழிக்கக் கூடாது, எல்லாப் பக்கத்துக்கும் எண் உண்டு. தப்பான பக்கத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டித்தான் திருத்தி எழுதுவார்கள். மறுநாள் அவளும் ஒட்டிக்கொண்டு வந்தாள். இட்லி மூன்று, சாம்பார் ஒரு கிண்ணம், முட்டை ஒன்று, பால் இருநூறு மில்லி. பார்த்ததும் எனக்குத் திருப்தி. டிக் அடித்து, 'நன்று' என்று எழுதி, பத்துக்கு ஒன்பது போட்டேன்.

உண்மைக்குக் கோடு, பொய்க்கு ஒன்பது. இதைச் செய்தவள் நான். இந்தத் தொடரில் யார் யாரையோ திட்டியிருக்கிறேன், இன்றைக்கு என் முறை.

வாயில் கொழுக்கட்டை

"எக்ஸாம் ஹால்ல வச்சதத் திருடித் தின்னுருக்கா. இது மால்பிராக்டிஸ்," என்றார் பிரின்சிபால். "ஃபெயில் போடுங்க. வீட்டுக்கு போன் பண்ணி அப்பாவ வரச் சொல்லுங்க. கூட்டிட்டுப் போகட்டும்."

சங்கவிக்கு அதுவரை அழுகை வரவில்லை. 'அப்பா' என்றதும் முகம் மாறிவிட்டது. அவளுடைய அக்கா இதே மாதிரி ஒரு கல்லூரியில் ஒரு பாடத்தில் தவறி, ஒரு வருடம் வீணானதும் நிறுத்தப்பட்டவள். இப்போது பெற்றோருடன் உப்பளத்துக்குப் போகிறாள். 'நீயும் ஒரு வருஷம் விட்டா அதோட சரி' என்று சொல்லித்தான் அப்பா இவளைச் சேர்த்துவிட்டார். சேர்ந்த புதிதில் அவளே என்னிடம் சொன்னது இது.

அப்படியும் முதலில் எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. என் பாடம், என் தேர்வு, என் மானம் போகிறது.

"பசிச்சா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று கத்தினேன்.

"சொன்னேன் மேம்." தெளிவாகச் சொன்னாள். "எழுதிக் குடுத்தேன். நீங்கதான் சுழிச்சிட்டு, வேற எழுதிட்டு வரச் சொன்னீங்க."

சமையல் கூடத்தில் ஓர் அடுப்பில் மட்டும் பால் காய்ந்துகொண்டிருந்தது. அது பொங்கி வழிந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

தேர்வாளர் மேசையில் ரெக்கார்டு நோட்டுகள் அடுக்கி இருந்தன. நான் போய் அவளுடைய நோட்டை எடுத்தேன். ஒட்டிய தாளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துப் பிரித்தேன். நான்கு மூலையில்தான் பசை இருந்தது, சுலபமாக வந்துவிட்டது. அடியில் என் சிவப்புக் கோடும், அதற்கடியில் அவள் எழுத்தும் இருந்தன. தேர்வாளரிடம் நீட்டினேன்.

அவர் வாய்விட்டே படித்தார். "காலை, இல்லை. பதினொரு மணி, பிஸ்கட் மூணு..."

"மேடம், அது இப்ப எதுக்கு?" என்றார் பிரின்சிபால்.

தேர்வாளர் நோட்டைக் கீழே வைத்தார். முப்பது வருடம் வார்டில் வேலை பார்த்தவர். மேசையைச் சுற்றி வந்து, சங்கவியின் முகத்தைப் பிடித்து, "மேல பாரு" என்றார். கட்டைவிரலால் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் இருந்தால் உள்ளே சிவப்பாகத் தெரிய வேண்டும். வெள்ளைவெளேர் என்று இருந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. எட்டாம் மேசைக்குப் போனேன். "மேல பாரு" என்றேன். வெளுப்பு. ஒன்பதாம் மேசை, வெளுப்பு. திரும்பி ஒன்றாம் மேசையிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொருத்தி முன்னாலும், யாரோ ஒரு நோயாளிக்காகப் பார்த்துப் பார்த்துச் சமைத்த தட்டு. தட்டுக்குப் பின்னால் ரத்தமில்லாத கண். இமை சிவந்திருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பிரின்சிபால் "மேடம், மேடம்" என்று என் பின்னாலேயே வந்தார். "நீங்களும் பாருங்க" என்று ஒரு பெண்ணின் இமையை இழுத்துக் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தேர்வாளர் ஏழாம் மேசையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தேர்வை நடத்திக்கொண்டிருந்தார்.

"நெல்லிக்கா எதுக்கு வச்ச?"

"கீரையில இருக்க இரும்புச்சத்த ஒடம்பு எடுத்துக்க அது ஒதவும் மேம்."

"சாப்ட்டதும் டீ குடிக்கலாமா?"

"கூடாது மேம். ஒரு மணி நேரமாவது போகணும்."

"கொள்ளு ஊற வச்சியா?"

"நேத்தே ஊற வச்சேன் மேம்."

மதிப்பெண் தாளில் 'தோற்றம்', 'ருசி', 'நோயாளி ஏற்றுக்கொண்ட விதம்' என்று கட்டங்கள் உண்டு. முதல் இரண்டில் கோடு கிழித்தார். கடைசிக் கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டார். கேள்விகளுக்கும் போட்டார். கூட்டினால் தேர்ச்சிக்குச் சரியாக இருந்தது.

"நோயாளி மிச்சம் வைக்கல," என்றார் பிரின்சிபாலிடம். "நான் எட்டரைக்கே வந்துட்டேன். பிள்ளைங்க சாப்டாம நிக்குதுன்னு ஒருத்தரும் சொல்லலையே."

அவரும்தான் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அதை அவரிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மிச்சமிருந்த தட்டுகள் பிரின்சிபால் அறைக்குப் போகவில்லை. சமைத்தவர்களே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஆனால் பிரின்சிபால் விடுகிறவர் இல்லை. "பாஸ் போட்டது அவங்க இஷ்டம். ஒழுக்கம் என் பொறுப்பு," என்றார் மாலையில். "நாளைக்குக் காலையில மன்னிப்புக் கடிதம் இல்லாம அவ வண்டியில ஏறக் கூடாது." பயிற்சிக்குப் போகாவிட்டால் வருகை குறையும். வருகை குறைந்தால் வருடம் போகும். கதவு அடைபட்டதும் ஜன்னல் வழியாக அதே காரியத்தைச் செய்கிற சாமர்த்தியம்.

"நீ எழுத வேணாம்," என்று சங்கவியிடம் சொன்னேன். "கடிதத்த நான் எழுதறேன்."

படிக்கட்டருகே

மறுநாள் ஆறரைக்குப் போய்விட்டேன். வயலிலிருந்து பனி எழும்பி வண்டியின் கண்ணாடியெல்லாம் நனைந்திருந்தது. பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சங்கவி மட்டும் படிக்கட்டுக்குக் கீழே பையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

பிரின்சிபால் வந்ததும் கடிதத்தை நீட்டினேன். மூன்றே வரி. 'மாணவி சங்கவி தான் பசியோடு இருப்பதை எனக்கு எழுத்துமூலம் தெரிவித்தார். நான் அதைத் தவறு என்று சுழித்துவிட்டேன். மன்னிக்க வேண்டுகிறேன்.' கீழே என் கையெழுத்து.

"இது யாருக்கு எழுதினது?"

"அவளுக்கு."

"அப்ப எங்கிட்ட ஏன் குடுக்கறீங்க?"

"நீங்க சாட்சி."

கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் திணித்தார். முகம் சிவந்துவிட்டது. அவருக்கு ரத்தம் நன்றாகத்தான் இருந்தது. டிரைவர் பார்க்கிறார், வாட்ச்மேன் பார்க்கிறார். எதையாவது பேசி அந்த இடத்தைச் சரிக்கட்ட வேண்டும். தினமும் கேட்கிற கேள்வி தானாக வாயில் வந்தது.

"என்ன பிள்ளைங்களா, சாப்டாச்சா?"

டிரைவர் கியரில் கை வைத்தார். உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

"இல்ல மேம்," என்றாள் சங்கவி, கீழே நின்றபடி.

வண்டிக்குள் யாரோ, "இல்ல மேம்" என்றார்கள். பின் வரிசையிலிருந்து இன்னொரு குரல். அப்புறம் எல்லாருமே சொன்னார்கள். ஒரே குரலாக வரவில்லை. ஒவ்வொருத்தியாக, முன்பின்னாக, சிலர் அழுதுகொண்டே சொன்னார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சாப்டீங்களா மேடம்?" என்றார். கேலியாகக் கேட்டாரா, வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் கேட்டாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வீட்டில் மூன்று இட்லி தின்றுவிட்டு வந்திருந்தேன்.

"ஆச்சு மேடம்," என்றேன். வாழ்நாளில் எத்தனையோ முறை பொய்யாகச் சொன்ன வார்த்தை. உண்மையாகச் சொல்லி அவமானப்பட்டது அன்றைக்குத்தான்.

சமையல்கார அம்மா வந்து உப்புமா கிண்டி இறக்க ஏழே முக்கால் ஆயிற்று. வண்டி எட்டேகாலுக்குக் கிளம்பியது. சாப்பாட்டுக்குப் பிறகுதான் வண்டி என்ற அந்த மாற்றம் எத்தனை நாள் நீடித்தது என்று மட்டும் கேட்காதீர்கள், இன்னொரு மாத்திரை போட வேண்டிவரும்.

சங்கவி கடைசியாக ஓடி வந்து ஏறினாள். வாயில் இன்னும் உப்புமா இருந்தது. யாரும் அவளிடம் கடிதம் கேட்கவில்லை.